முதல் மீன்

பனைமர நிழல் மடைக்கல்லை விட்டு விலக இன்னும் நாலு விரற்கடை இருந்தது. நிழல் விலகிக் கல்லின் மேல் முழு வெயிலும் விழுந்ததும் ஊர்த் தலைவரான பெரிய அம்பலம் வெள்ளைத் துண்டை வீசுவார். மற்ற வருஷங்களில் துண்டு ஆடிய நொடியில் கரையைச் சுற்றி நிற்கிற நானூறு பேரும் ஊத்தாவும் கையுமாகக் கண்மாய்க்குள் பாய்வார்கள். அடியும் தலையும் திறந்த மூங்கில் கூடைதான் ஊத்தா. அதைச் சேற்றில் ஓங்கிக் குத்தி, மேல்வாயில் கையை விட்டுத் துழாவினால் உள்ளே மாட்டியது கையில் வரும். இந்த வருஷம் துண்டு ஆடியதும் ஒரே ஒரு ஆள்தான் இறங்கவேண்டும் என்று பேச்சு, அந்த ஆள் பஞ்சவர்ணம். கணுக்கால் தண்ணீரில் சேலையை வரிந்து கட்டி நின்றுகொண்டு அவள் அந்த நாலு விரற்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயமெல்லாம் ஒன்றுமில்லை. பயப்படுகிற ஆளா அவள்? பள்ளிக்கூடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் சத்துணவு ஆக்கிப் போடுகிறவள், வண்டு விழுந்த அரிசி மூட்டையை வந்த லாரியிலேயே திருப்பி ஏற்றியவள், கண்மாய்ச் சங்கத் தலைவர் தேர்தலில் மீசை முறுக்கிய மூன்று பேரை மண்ணைக் கவ்வ வைத்தவள். இடுப்பில் செருகியிருந்த புளியங்கட்டை விலாவில் குத்தியது. செருப்பைக் கரையில் எங்கே விட்டோம், வேப்பமரத்தடியிலா, அதற்கு முன்னாலா? இடதுகால் வார் போன மாதமே அறுந்து ஊக்குக் குத்தியிருந்தது, அதை எவனும் எடுத்துக்கொண்டு போகமாட்டான். பிள்ளைக்கு இன்னும் காய்ச்சல் இருக்குமா? செருப்பைப் பற்றி நினைக்கும்போது இது ஏன் வருகிறது? செருப்பையே நினைப்போம். பச்சை வார், ஊக்கு, குதிகால் தேய்ந்தது. விடியற்காலையில் தொட்டுப் பார்த்தபோது கழுத்து சுட்டது. இரண்டு நாளாகச் சுடுகிறது.

கரைமேட்டில் அவள் புருஷன் சேவுகன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். இங்கிருந்து பார்த்தால் பிள்ளையின் மஞ்சள் சட்டைதான் தெரிந்தது. கிளம்பும்போது "பாத்து எறங்கு" என்று மட்டும் சொன்னான். அதில் வழுக்குகிற சேற்றைப் பார்த்து இறங்கச் சொன்னது பாதி, சொல்லாமல் விட்டது மீதி. அந்த மீதி அவளுக்குத் தெரியாதா? பதினான்கு வருஷம் ஒரே தட்டில் தின்றவன். பிள்ளையில்லாத பதினோரு வருஷமும் கூடவே கோயில் கோயிலாக ஏறி இறங்கியவன், ஒரு வார்த்தை குத்திப் பேசாதவன். ஊரெல்லாம் பேசிற்று. கல்யாண வீட்டில் ஆரத்தித் தட்டை அவள் கையிலிருந்து நைசாக வாங்கிக்கொண்டார்கள். அதையெல்லாம் அவள் மறந்துவிட்டதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவளும் அப்படித்தான் நினைக்கிறாள், ஆரத்தித் தட்டைப் பார்க்காத நாட்களில். நாலு வருஷத்துக்கு முன்னால் இதே வைகாசி, இதே மடை. துண்டு ஆடியதும் பாய்ந்து குத்திய முதல் குத்திலேயே ஊத்தாவுக்குள் எருமைக் கன்று விழுந்ததுபோல ஓர் அதிர்வு. துழாவியபோது செதிலே இல்லாத வழுவழுப்பு. தூக்கினால் முழங்கை நீளம், அகன்ற தட்டைத் தலை, வாயைச் சுற்றி எட்டு மீசை. அப்படி ஒரு மீனை அதுவரை யாரும் இந்தக் கண்மாயில் பார்த்ததில்லை. "கருப்பன் குதிரைடி இது!" என்று யாரோ கத்தினார்கள். முதல் மீன் மடைக்கல்லில் குடியிருக்கிற சாமி மடைக்கருப்பனுக்கு, அது இந்த ஊர் வழக்கம். ஆளுக்கு முதலில் கிடைப்பது அயிரையானாலும் விராலானாலும் கண்ணில் ஒற்றித் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும், பிறகு பிடிப்பதுதான் வீட்டுக் குழம்புக்கு. அவள் அந்தப் பெரிய தலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாய்விட்டே கேட்டாள்: ஒரு பிள்ளையைக் குடு. கேட்டுவிட்டு விட்டாள். அது வாலை ஒரு அடி அடித்துப் போயிற்று. அடுத்த வைகாசியில் கயல்விழிக்கு மூன்று மாதம். பெயரையும் பேசித் தேடவில்லை, தானாக வந்தது. கருப்பன் கொடுத்த பிள்ளை என்று ஊர் சொன்னது. மீன் கொடுத்த பிள்ளை என்று அவளுக்குள் ஏதோ ஒன்று சொன்னது, அதுதான் இப்போது நெஞ்சில் முள்ளாகச் சிக்கி மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் கிடக்கிறது.

குதிரையும் இல்லை கிதிரையும் இல்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தி. மேற்கே யாரோ குட்டை வெட்டித் திருட்டுத்தனமாக வளர்த்தது, ஐப்பசி மழையில் கரை உடைந்து வாய்க்கால் வழியே வந்து சேர்ந்தது. ஊரில் அதற்கு மீசைக்காரன் என்று பெயர் வைத்துவிட்டார்கள், நம் ஆட்களுக்குப் பெயர் வைக்கவா சொல்லித்தர வேண்டும். வெளியூர் மீன் என்பதற்காக யாரும் வெறுக்கவில்லை. ஜிலேபி மீன்கூட எங்கிருந்தோ வந்ததுதான், வந்து வீட்டோடு மாப்பிள்ளையாகக் குழம்பில் கலந்துவிட்டது. இவன் அப்படியில்லை, இவன் தின்கிறவன். குறவை போயிற்று, உளுவை போயிற்று, அயிரைக்குழம்பு மணந்து எத்தனை காலமாயிற்று! விரால் என்றால் என்ன மீன்! செக்கச்செவேலென்று குஞ்சுகள் ஒரே பந்தாக மேலே மிதக்க, கீழே தாயும் தகப்பனும் காவல் சுற்றிவரும், கிட்டே போனால் காலைக்கூடக் கடிக்க வரும். ஒரு வருஷம் முழுக்க அவள் கண்ணில் பட்டது ஒரே ஒரு குஞ்சுப் பந்துதான், மறுநாள் அதுவும் இல்லை. ஆனால் அவளைக் கிளப்பிவிட்டது விரால்கூட இல்லை, முக்குளிப்பான். போன வருஷ மீன்பிடிக்கு முன்னால் ஒரு சாயங்காலம் தாமரை இலைகளுக்கு நடுவே நாலு குஞ்சை முதுகில் ஏற்றிக்கொண்டு ஒரு தாய்ப்பறவை போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் கயலை இடுப்பில் வைத்துக்கொண்டு "அந்தா பாரு, அம்மா முதுகுல பாப்பா" என்று காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு குஞ்சு வழுக்கித் தண்ணீரில் இறங்கியது. தண்ணீர் ஒருதரம் பிளந்து மூடியது. அவ்வளவுதான், குஞ்சு இல்லை. தாய் மூழ்கி மூழ்கி எழுந்து தேடியது. "பாப்பா எங்கம்மா?" என்று கயல் கேட்டாள். பஞ்சவர்ணம் பிள்ளையைத் தோளோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அன்றைக்கே போய்ச் சங்கத்தைக் கூட்டினாள்.

நிழல் மூன்று விரற்கடைக்கு வந்திருந்தது. சூரியனுக்கு இன்றைக்கு என்ன அவ்வளவு சோம்பல்? கருப்பன் மேல் பாரத்தைப் போட்டுப் போன வருஷம் ஊரே இறங்கி மீசைக்காரனை அள்ளிக் குவித்ததே, அது என்ன ஆரவாரம்! மூன்று பெரிய குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடி, அவளே மைக் பிடித்து "நம்ம கண்மாய் நமக்குத் திரும்பக் கெடைச்சிருச்சு" என்று பேசி, கைதட்டலும் வாங்கினாள். ஆவணியில் மீன்வளத் துறையிலிருந்து ஒரு பெண் வந்தது, கண்ணாடி போட்ட சின்னப் பெண், பெயர் நிவேதா. வலையை வீசிப் பார்த்தால் வலை நிறைய மீசைக் குஞ்சு. "எல்லாத்தையும் எடுத்துட்டீங்களாக்கா?" என்று கேட்டது. "எல்லாத்தையும் எடுத்துட்டோம்." "ஒண்ணுகூட விடலையே?" "ஒண்ணுகூட விடல. மொத மீனை மட்டும் கருப்பனுக்கு விட்டோம்." அந்தப் பெண் எழுதிக்கொண்டே, "மொத மீன்னா, ஒண்ணுதானேக்கா?" என்றது. "ஆளுக்கு ஒண்ணும்மா." எழுதிய பேனா நின்றது. அந்த நின்ற பேனாவை நினைத்தால் இப்போதும் பஞ்சவர்ணத்துக்குக் காது மடல் சுடுகிறது. நானூறு ஊத்தா, நானூறு முதல் மீன், சேற்றில் சோம்பிக் கிடக்கிற மீசைக்காரன்தான் முதலில் மாட்டுவான், அதிலும் பெரியவனாக மாட்டுவான். ஒருபக்கம் அள்ளிக் குழியில் போட்டுக்கொண்டே மறுபக்கம் நல்ல கொழுத்த தாய் மீனாகப் பார்த்து, கண்ணில் ஒற்றி, கும்பிட்டு, விதைக்கு விட்டிருக்கிறோம்! ஒரு ஆளுக்காவது உறைத்ததா? தலைவிக்கே உறைக்கவில்லையே, அவளும்தானே போன வருஷம் ஒன்றைக் கண்ணில் ஒற்றினாள். அன்றைக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. சிரித்தாள். அந்தப் பெண்ணும் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டு, "கண்ணுக்குப் பின்னாடி, நடு மண்டையில ஒரே அடி. அதான் அதுக்கும் நல்லது. கரையில சும்மா போட்டா நடந்தே தண்ணிக்குப் போயிரும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனது. அதற்குத்தான் இந்தப் புளியங்கட்டை, ஆளுக்கு ஒன்று.

இந்த வருஷக் கூட்டத்தில் கட்டைக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. முதல் மீனில்தான் வந்து முட்டிக்கொண்டது. நம் மீன் வந்தால் விடுவோம், மீசைக்காரன் வந்தால் முதல் மீனானாலும் அடிப்போம் என்று அவள் சொன்னதும் மந்தைத் திடலில் இருந்தவர்களெல்லாம் அம்பலத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரிய அம்பலம் சண்டைக்காரர் இல்லை. மெதுவாகத்தான் கேட்டார்: "ஏத்தா, கருப்பன் பங்கைக் கட்டையால அடிக்கச் சொல்றியா?" பிறகு அவரே ஒரு வழி சொன்னார். "நீ மொதல்ல எறங்கு. ஒன் கையில என்ன வருதோ அதை நீ என்ன செய்யிறியோ, அதையே ஊரும் செய்யும். நீ விட்டா ஊரும் விடும்." நியாயமான பேச்சு. அவள் அந்த இடத்திலேயே "சரி மாமா" என்றாள். வாய் முந்திக்கொண்டது. அவள் வாய் எப்போதும் அப்படித்தான், ஜெயிக்கிற இடத்துக்கு முதலில் போய் நின்றுகொள்ளும், மனசு பின்னால் மூச்சுவாங்க வரும். வீட்டுக்கு வந்தபிறகுதான் மனசு வந்து சேர்ந்தது. பிள்ளையைக் கேட்டுவிட்டு விட்ட மீன். அது இன்னும் உள்ளே இருக்குமா? போன வருஷக் குழியிலேயே போயிருக்கும். போயிருந்தால் பிள்ளைக்கு அப்போதே ஏதாவது ஆகியிருக்க வேண்டுமே, ஆகவில்லையே. அப்படியானால் போகவில்லை. உள்ளேதான் இருக்கிறது. சீ, என்ன கணக்கு இது, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட இப்படிப் போடாது. ஆனால் காய்ச்சல் ஏன் சரியாக முந்தாநாள் வரவேண்டும், துண்டுக்கு நாள் குறித்த மறுநாள்? பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல், முந்தாநாள் நூறு முட்டை மிஞ்சியது. அது காய்ச்சல். காய்ச்சலுக்கு மீனைத் தெரியாது. இதை அவள் இரண்டு நாளாகத் தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், சொல்லும்போதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, சொல்லி முடித்ததும் மறுபடி மஞ்சள் சட்டை, மறுபடி சுடுகிற கழுத்து, மறுபடி வழுவழுவென்று வாலடித்துப் போன அந்த முழங்கை நீளம். விரால் வரட்டுமே. ஒரு விரால் வந்தால் எல்லாம் முடிந்தது, கண்ணில் ஒற்றி விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு கரையேறலாம். அப்போது ஊர் என்ன கற்றுக்கொள்ளும்? ஒன்றுமில்லை. நானூறு பேரும் அவரவர் மீசைக்காரனைக் கும்பிட்டு விடுவார்கள். விரால் வரக்கூடாது. விரால் வரட்டும்.

"என்னாத்தா, ஒதடு ஆடுது, மந்திரமா?" என்று அம்பலம் பக்கத்தில் குனிந்து கேட்டார். துண்டை இரண்டாக மடித்துக் கையில் வைத்திருந்தார். "வெயிலைத்தான் வையுறேன் மாமா." "வையாத. வந்துருச்சு பாரு." வந்துவிட்டது. நிழலின் கடைசி நூல் கல்லைவிட்டு நழுவி மண்ணில் விழுந்தது. அவர் கல்லைத் தொட்டுக் கும்பிட்டார், நிமிர்ந்தார், துண்டு தலைக்கு மேல் எழும்பி ஒரு வீச்சு வீசியது. பஞ்சவர்ணம் ஊத்தாவோடு உள்ளே நடந்தாள். தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது, பிறகு தொடைக்கு, அடியில் குளிர்ந்தும் மேலே வெந்தும் கிடந்தது. போன வருஷத் தாமரைத் தண்டு காலில் சுற்றியது. எந்த இடம்? இடமா பார்க்கிறாய், குத்து. குத்தினாள். ஊத்தா சேற்றில் இறங்கி நின்றது, மூங்கிலில் ஓர் உதறல் உள்ளங்கைக்கு வந்தது. இருக்கிறது. தோள்வரை கையை விட்டாள், முகம் தண்ணீரைத் தொட்டது, சேற்று வாடை மூக்கில் ஏறியது, விரல்கள் மட்டும் கண்ணாகிவிட்டன. மூங்கில். மூங்கில். சேறு. பிறகு அது. செதில் சொரசொரக்கும் என்று காத்திருந்த விரலுக்கடியில் வழுவழுவென்று ஓர் உடம்பு நீண்டுகொண்டே போனது. மணிக்கட்டில் மீசை ஒன்று மெல்லத் தடவியது, பிள்ளை தூக்கத்தில் விரலால் தடவுமே அதுபோல.

யாருக்கும் தெரியாது. அதுதான் முதலில் வந்த நினைப்பு. கலங்கல் தண்ணீர், அவளுக்கே தெரியவில்லை, கரைக்கா தெரியப்போகிறது! ஊத்தாவை ஒரு பக்கம் லேசாகத் தூக்கினால் போதும், அது போய்விடும். வெறும் கையைத் தூக்கி "வெறும் ஊத்தா" என்று சொல்லலாம், எல்லோருக்கும் எத்தனையோ குத்து வெறும் குத்தாகப் போவதுதான். அடுத்த குத்தில் வேறெது வந்தாலும் அதுதான் முதல் மீன். கை அதன் செவுளுக்குப் பின்னால் போய்ப் பிடித்துக்கொண்டது, பிடித்திருக்கும்போதே மனசு விடச் சொன்னது. இதுவேதானா? நாலு வருஷத்தில் இன்னும் பெரிதாகியிருக்குமே. இது சின்னது. சின்னதும் இல்லை. நீதானா? அது மூச்சுக்குத் திமிறியது. எங்கோ தாமரைக்குள் முக்குளிப்பான் கீச்சிட்டது, எத்தனை குஞ்சு மிச்சமோ. பாப்பா எங்கம்மா? கருப்பா, நீ கேட்டாயா, உயிரோடு விடு என்று நீ எப்போதாவது கேட்டாயா? ஆடிக்கு உனக்குக் கிடாய் கொடுக்கிறோமே, கழுத்தில் மாலை போட்டு, தண்ணீர் தெளித்து, அது தலையை உலுக்கியதும்... அந்த இடத்தில் அவள் நினைப்பு நின்றுவிட்டது. ஒரு சுற்று சுற்றி மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றது. அட, ஆமாம்! இவ்வளவு நாளும் இது யாருக்கும் தோன்றவில்லையே. பொத்துக்கொண்டு ஒரு சந்தோஷம் வந்தது, பயம் போகவில்லை, பயத்துக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு கையாலும் மீனை வெளியே தூக்கினாள்.

கரை முழுக்க ஒரு முனகல் ஓடியது. மீசைக்காரன்தான், நல்ல கனம், வெயிலில் கரும்பாறையாக மினுங்கினான். அவள் மடைக்கு நடந்து வந்து, அந்தத் தட்டைத் தலையை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். கூட்டம் மூச்சுவிட்டது, விடப்போகிறாள் என்று. யாரோ கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவள் மீனை மடைக்குப் பக்கத்து மண்ணில் கிடத்தி, முழங்காலால் அழுத்தி, புளியங்கட்டையை உருவி, கண்ணுக்குப் பின்னால் நடு மண்டையில் ஒரே அடி அடித்தாள். சத்தம் எதிர்க்கரை வரை போய்த் திரும்பியது. மீன் ஒருதரம் விறைத்து அடங்கியது. அதை எடுத்து மடைக்கல்லின் காலடியில் வைத்துவிட்டு அம்பலத்தைப் பார்த்தாள். அவர் முகம் செத்துப்போயிருந்தது. "மாமா," என்றாள். கரை முழுக்கக் கேட்கும்படி உரக்கவே பேசினாள். "கருப்பனுக்குக் கெடா குடுக்குறமே, உசுரோடயா விட்டுட்டு வாறோம்? அவரு பங்கு அவருக்குத்தான் மாமா. இந்தா வச்சிட்டேன். மொத மீனு அவருக்குத்தான்." அவர் மீனைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். அவர் வீட்டுக் கிடாய்தான் ஒவ்வொரு ஆடிக்கும் முதலில் விழும். "விராலு வந்தா?" என்று கேட்டார். "விராலு நம்ம புள்ள மாமா. அது எப்பவும்போலத் தண்ணிக்கு." அவர் துண்டை உதறி இன்னொருமுறை தலைக்கு மேல் வீசினார், முதல் வீச்சைவிடப் பலமாக.

நானூறு பேர் பாய்ந்தார்கள். கண்மாய் கொதித்தது. கொஞ்ச நேரத்தில் கிழக்கே ஒரு கட்டைச் சத்தம் கேட்டது, பிறகு தெற்கே ஒன்று, பிறகு இரண்டு சேர்ந்து, பிறகு எண்ண முடியவில்லை. மடைக்கல்லின் காலடியில் மீசை மீசையாகக் குவிந்தது. நடுவில் ஒருத்தன் "வெராலுடோய்!" என்று கத்திக் கண்ணில் ஒற்றித் தண்ணீரில் விட, சுற்றியிருந்தவர்கள் வழிவிட்டு நின்றார்கள். இவள் கால் மட்டும் கரைமேட்டைப் பார்த்து ஓடியது. சேறு அப்பிய சேலையோடு ஏறி, சேவுகன் தோளிலிருந்த பிள்ளையின் கழுத்தில் கையை வைத்தாள். மீன் வாடைக்குக் கயல் மூக்கைச் சுளித்தாள். சுட்டது. விடியற்காலையில் எவ்வளவு சுட்டதோ அவ்வளவுதான் சுட்டது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டு நாளாக நெஞ்சில் சிக்கியிருந்தது எங்கே போயிற்று என்று தெரியவில்லை, உள்ளங்கையில் இருந்தது வெறும் காய்ச்சல். "சிரப்புக் குடுத்தீகளா?" என்று கேட்டாள். சேவுகன் சட்டைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்தான், மூடிகூடத் திறக்கவில்லை. "நீ எறங்கினதைப் பாத்துக்கிட்டே..." "நல்லாப் பாத்தீக போங்க" என்று சொல்லி, கையைச் சேலையில் துடைத்து, மூடியில் மருந்தை ஊற்றிப் பிள்ளைக்குப் புகட்டினாள். கசப்பில் பிள்ளை வீல் என்று கத்தியது, அந்தக் கத்தலைக் கேட்டுக்கொண்டே சேற்றில் குத்திவிட்டு வந்த ஊத்தாவைத் தேடித் தண்ணீரில் இறங்கினாள்.